சித்தி முறை

மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறு காலை, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் உள்ள தையல் கடையில் உறவினர்கள் கூடினார்கள். கடைக்காரி கட்டிக்கொள்ள இருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அவள் சித்தி முறை என்று முடிவு செய்தார்கள்.

கண்டுபிடித்தவர் பெரியப்பா, அவள் அப்பாவின் அண்ணன். அப்பா போனபிறகு அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல். துணி வெட்டும் மேசையில் சாக்பீஸால் கோடு போட்டு விளக்கினார்.

"உன் அக்கா புருஷனும் இவனோட அப்பாவும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க. அப்போ உன் அக்கா இவனுக்குச் சித்தி. சித்தியோட தங்கச்சி?"

"சித்தி," என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

"அவ்வளவுதான். பெத்த தாய்க்குச் சமம்."

இஸ்திரி மேசையோரம் நின்றிருந்த மெக்கானிக், "அவளைவிட எனக்கு மூணு வயசு கூட," என்றான்.

"முறைக்கு ஏது தம்பி வயசு?"

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறீங்க பெரியப்பா," என்றாள் கடைக்காரி.

"எப்படித் தொட்டாலும் மூக்கு மூக்குதானேம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினாள்.

"உங்க அக்காவைக் கட்டினது யாரு?"

"அது எதுக்கு இப்போ?"

"என் தாய்மாமன்," என்றார் பெரியப்பாவின் மனைவி, பெரியம்மா. "அந்தக் கல்யாணத்துலதான் இவர் என்னைப் பார்த்ததே."

"தாய்மாமன் பொண்டாட்டி உங்களுக்கு அத்தை. அத்தைக்குத் தம்பி என்ன முறை பெரியம்மா?"

பெரியம்மா ஒரு விரலை மடக்கினார். இன்னொன்றை மடக்கினார். கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சித்தப்பா."

கடைக்காரியின் அக்கா கணவர் சிரிப்பை மறைக்க இருமினார்.

"அது வேற, இது வேற," என்றார் பெரியப்பா.

"என்ன வேற? அதே மேசை, அதே கோடு. சித்தப்பா புருஷனாகலாம், சித்தி பொண்டாட்டியாகக் கூடாதா?"

"எங்களுக்குப் பெரியவங்க உட்கார்ந்து பேசி, சரின்னாங்க."

"இப்போ நீங்க உட்கார்ந்திருக்கீங்க, சரின்னு சொல்லுங்க. சொல்லாட்டியும் வர்ற வெள்ளிக்கிழமை பதிவு பண்றோம். கேட்கிறதுக்காக உங்களைக் கூப்பிடலை, சொல்றதுக்காகக் கூப்பிட்டேன்."

"நான் வரமாட்டேன். நம்ம ஆளுங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. சாட்சிக் கையெழுத்துக்கு எங்க போவே?"

"தெருவுல போறவங்களைக் கூப்பிடுவேன். அவங்க யாரும் எனக்கு எந்த முறையும் இல்லை."

முழங்கையால் கோடுகளைத் தேய்த்து அழித்தாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய சட்டைத் துணியை மேசைமேல் விரித்து, கத்தரிக்கோலை எடுத்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் திருமணம் நடந்தது. பெரியப்பா வரவில்லை. பெரியம்மா வந்து முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்.