ஒட்டிக்கொண்ட வளையம்

கார் வருவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. சூடான இரும்பில் எண்ணெய் பொசுங்கும் வாடை. தன் பட்டறை வாசலில் துணியில் கை துடைத்துக்கொண்டு நின்றவளுக்கு முதலில் தோன்றியது சலிப்புதான். இரண்டு வாரமாக அக்கா போனில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கையும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "ஆயில் ஊத்தறப்ப சிந்தியிருப்பே. எரிஞ்சு தானா போயிடும்."

ஓட்டி வந்தது மாமா, அக்காவின் கணவர். அக்கா பக்கத்து இருக்கையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு, பிள்ளைகளை டியூஷனுக்குத் தானே கொண்டுபோய் விடுவதை எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தவள். ஆயிலைச் சிந்திவிட்டாள் என்று போன வாரம் மாமா சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"இஞ்சினியரம்மா, உங்க அக்கா வண்டிக்குத் தாளிச்சுக் கொட்டியிருக்கா. என்னன்னு பாரு" என்றார்.

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தது.

"புனல் வெச்சுத்தான் ஊத்தினேன்" என்றாள் தங்கையிடம், மெதுவாக. "ஒரு சொட்டு ரெண்டு சொட்டு விழுந்திருக்கும். துடைச்சேனே."

பானட்டைத் திறந்து டார்ச் அடித்தாள். ஆயில் ஊற்றும் வாயைச் சுற்றி ஈரமே இல்லை. மேல் மூடியின் விளிம்பில் விரலை ஓட்டினாள், தூசிதான் ஒட்டியது. சிந்திய எண்ணெய் இத்தனை நாள் எரிய முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது. அக்கா ஆயில் ஊற்றியது, அளவு குறைந்திருந்ததால். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் தங்கை தன் கையாலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றி அனுப்பியிருந்தாள். அதற்குள் ஏன் குறைய வேண்டும்? போனில் அவள் அதைக் கேட்கவே இல்லை.

காரை லிஃப்டில் ஏற்றினாள். ஃபில்டரைச் சுற்றி எண்ணெய் பளபளத்தது. கசிந்து இறங்கிய கோடு நேராகச் சைலன்சர் குழாய்க்குப் போய், அங்கே கறுத்துக் காய்ந்திருந்தது. அடியில் தட்டு வைத்து ஃபில்டரைக் கழற்றினாள். அதன் ரப்பர் வளையம் அதிலேயே இருந்தது. இஞ்சினில் ஃபில்டர் பொருந்தும் இடத்தில் இன்னொரு வளையம், கறுப்பாக, தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய ஃபில்டரின் வளையம். போன தடவை அதை எடுக்காமல் அதன்மேலேயே புதிய ஃபில்டரை முறுக்கியிருக்கிறாள்; இரண்டு வளையம் இருந்தால் சரியாகப் பொருந்தாமல் எண்ணெய் கசியும். பழையதைக் கழற்றியதும் வளையம் கூட வந்ததா என்று பார்ப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அன்று வேறொரு வண்டிக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அது காரணம் ஆகாது.

நகத்தால் நெம்பி எடுத்தாள். வளையம் உள்ளங்கைக்குள் சுருண்டது.

"அது என்னடி?" என்று அக்கா எட்டிப் பார்த்தாள்.

"பழசு" என்றாள்.

பொய் இல்லை. அதனாலேயே அது வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. புதிய ஃபில்டரை எடுத்துவரத் திரும்பினாள். வளையம் பேண்ட் பைக்குள் போயிருந்தது. போட்டது தன் கைதானா என்று ஒரு கணம் அவளுக்கே நம்ப முடியவில்லை. பொம்பளை கையில் வண்டியைக் கொடுப்பதா என்று தயங்கிய ஆட்களிடமெல்லாம் மாமாதான் பேசி அனுப்பி வைத்திருந்தார். இப்போது சொன்னால் அவர் என்ன நினைப்பார்?

"என்ன, குடத்தோட கவுத்துட்டாளா?" என்றார் மாமா வாசலிலிருந்து.

"இனிமே நான் தொடலைங்க" என்றாள் அக்கா. "வண்டியும் வேணாம், ஆயிலும் வேணாம். ஆட்டோல போயிக்கறேன்."

சிந்துகிறவள் அக்கா, சரியாகச் செய்கிறவள் தங்கை. வீட்டில் எப்போதோ முடிவாகிப்போன விஷயம் அது. அந்த முடிவின் மேல்தான் இத்தனை வருடம் சொகுசாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குக் காது மடல் சுட்டது.

பைக்குள்ளிருந்து வளையத்தை எடுத்து மாமாவிடம் நீட்டினாள்.

"அக்கா சிந்தலை மாமா. நான் போன தடவை இதை எடுக்காம விட்டுட்டேன். அதான் கசிஞ்சிருக்கு. அவ ஊத்தலைன்னா இஞ்சினே போயிருக்கும்."

மாமா வளையத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். "சரி, மாட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். கிண்டல் செய்திருந்தால் தேவலை.

ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துடைத்தாள். இன்னொரு முறை துடைத்தாள். புது வளையத்தில் எண்ணெய் தடவிக் கையாலேயே முறுக்கினாள். குழாயில் படிந்ததை முடிந்தவரை கழுவிவிட்டு, காரை இறக்கி, ஆயில் நிரப்பி, இஞ்சினை ஓடவிட்டு, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். சொட்டு இல்லை.

"கொஞ்ச நாள் லேசா வாடை இருக்கும்" என்றாள். "மிச்சம் எரியற வரைக்கும்."

அக்கா மாமாவிடம் போய்க் கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அதை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். பிறகு ஜன்னல் வழியாகத் தங்கையைப் பார்த்தாள்.

"நான் சொன்ன அன்னைக்கே ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்டி."

கோபமாகச் சொல்லவில்லை. வேலை அதிகம் என்று சொல்லத் தங்கை வாயெடுத்தாள். வேலை இருந்தது, ஆனால் வராததற்குக் காரணம் அது இல்லை. மாமா பின்னால் நின்று "வா, வா" என்று கையாட்ட, அக்கா அவர் கையைப் பார்க்காமல் கண்ணாடியை மட்டும் பார்த்துக் காரைப் பின்னோக்கித் தெருவுக்கு எடுத்தாள். அடுத்த தடவை ஆயில் மாற்ற வண்டியை எங்கே கொண்டுபோவாள் என்று தங்கை கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் அவள் இல்லை.