உறையாத தேன்

அந்த வரியை லேபிளில் போடச் சொன்னவள் நான்தான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. கடையில் கம்பெனித் தேன் பறந்துகொண்டிருந்தது, பக்கத்திலேயே எங்கள் பாட்டில்கள் தூசி பிடித்து நின்றன. எரிச்சலில் கம்பெனிக்காரன் வரியையே அச்சகத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'அசல் தேன் உறையாது.'

என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. "குளிர் வந்தா நம்ம தேன் உறையுமே."

"அப்போ பாத்துக்கலாம். முதல்ல விக்கட்டும்."

விற்றது. குளிரும் வந்தது. பாட்டிலின் அடியில் வெள்ளையாக மணல் போலப் படிந்து, ஒரே வாரத்தில் கழுத்துவரை கெட்டியாகிவிட்டது. நான் கடையில் நின்ற நேரம் பார்த்து ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர் பாட்டிலோடு வந்தார்.

"சர்க்கரைப் பாகை ஊத்தி வெச்சிருக்கீங்களேம்மா, மனசாட்சி இருக்கா?"

"டீச்சர், நல்ல தேன்தான் உறையும். வெந்நீர்ல வெச்சா இளகிடும்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு லேபிளை என் பக்கம் திருப்பினார். "அப்போ இதை யாரு எழுதினது?"

 

கடைக்காரர் மிச்சப் பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி என் கையில் கொடுத்தார். "அக்கா, ஓடற தேனா கொண்டாங்க. இல்லேன்னா இந்த அலமாரித் தட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

மற்ற கடைகள் எல்லாம் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன. இந்தத் தட்டும் போனால் தேனீப் பெட்டிகளை விற்றுவிட வேண்டியதுதான். வீட்டுக்காரரோ பூ இருக்கிற தோட்டத்தில் பெட்டிகளை இறக்கி அங்கேயே தங்கியிருந்தார். வெந்நீரில் இளக்கினால் இந்தக் குளிருக்கு மறுபடி உறையும்; கம்பெனிக்காரன் போல நன்றாகக் காய்ச்சிவிட்டால் உறையாது. அதனால் மொத்தத்தையும் பாத்திரத்தில் கொட்டி, நேராக அடுப்பில் ஏற்றி, நுரை பொங்கக் கொதிக்கவிட்டேன். பூ வாசனை முழுக்க ஜன்னல் வழியாகப் போனது. தேன் கறுத்தது. ஆனாலும் அடுப்பை அணைக்கவில்லை.

அதே பாட்டில்களில் நிரப்பி மறுபடி கடைத் தட்டில் வைத்தேன். டீச்சர் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார்.

"இதுதாம்மா அசல். முன்னாடி குடுத்தது ஏமாத்து."

"சரிங்க டீச்சர்," என்று பல்லைக் காட்டினேன். அந்தப் பல்லை நானே உடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் இரண்டு பாட்டில் வாங்கிப் போனார்.

அடுத்த வாரம் வீட்டுக்காரர் திரும்பினார். தோட்டத்தில் பூ நன்றாக இருக்கிறதாம், முகமெல்லாம் சிரிப்பு. மேஜையில் இருந்த பாட்டிலைத் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் போட்டவர் முகத்தைச் சுளித்தார்.

"நம்ம தேனை வெச்சுக்கிட்டு கம்பெனித் தேனை எதுக்கு வாங்கின?"

நான் பாட்டிலைத் திருப்பி எங்கள் பெயர் போட்ட லேபிளைக் காட்டினேன்.

அவர் படித்தார். பிறகு எழுந்து போய் வாயைக் கொப்பளித்தார்.