முட்டை பொரிக்கும் பிரஸ்

நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை ஒருவன் பொம்மைப் பிராணி வளர்ப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பாள் ஞானஜோதி. இப்போது அந்தப் பிராணிக்கு அவள்தான் அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

திருமுடிவாக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஆறு பவர் பிரஸ் ஓடுகிற கம்பெனி. மூன்றாவது பிரஸ்ஸில் அவள். தகட்டை டை என்கிற இரும்பு அச்சில் வைத்துக் கையை எடுத்துப் பெடலை மிதித்தால், மேலிருந்து பஞ்ச் இறங்கி ஒரே அடியில் வாஷர் வெட்டித் தள்ளும். கை எடுக்கக் கொஞ்சம் பிந்தினால் விரல் போச்சு. பதினோரு வருஷத்துக்குப் பிறகும் அவளுக்குப் பத்து விரலும் இருந்தன. அந்தக் கம்பெனியில் அது சின்ன விஷயமில்லை.

மேனேஜர் ஜெயகிருஷ்ணன் அஸ்தினாபுரத்திலிருந்து காரில் வருவார். கண்ணாடி ரூமில் ஏசியைப் போட்டுக்கொண்டு, கையடக்க கேம் ஒன்றை நோண்டிக்கொண்டிருப்பார். அதில் முட்டையிலிருந்து பிராணிகள் வரும். பழக்கிச் சண்டைக்கு விடலாம். முட்டை பொரிய வேண்டுமானால் விளையாடுகிறவர் நடக்க வேண்டும். நடையை எண்ணுவதற்குக் காசு அளவில் ஒரு வட்டப் பெட்டி உண்டு, இடுப்பில் மாட்டிக்கொள்ள. ஜெயகிருஷ்ணனுக்கு நடக்கிற வழக்கம் கிடையாது. அந்தப் பெட்டியை மூன்றாவது பிரஸ்ஸின் ஏறி இறங்கும் தலையில் டேப் போட்டு ஒட்டிவிட்டார். பஞ்ச் ஒரு தடவை இறங்கினால் அவர் ஒரு தப்படி நடந்த கணக்கு.

அன்று பதினொரு மணிக்கு, அவள் மிதிக்காமலே பஞ்ச் இரண்டாம் தடவை இறங்கியது. விரலுக்கும் அதற்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. சுவிட்சை அணைத்தாள். ஃபிட்டர் சம்பந்தம் வந்து பார்த்தார்.

"கிளட்ச் கீ தேஞ்சி கீதும்மா. பஞ்ச் நிக்காம எறங்கும், கைய வெக்காத."

ஜெயகிருஷ்ணன் ஓடி வந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க? இன்னும் எழுநூறுதான் பாக்கி!"

"தானா அடிக்குது சார். கை பூடும்."

"கேர்ஃபுல்லா ஓட்டுங்க. லஞ்சுக்கு அப்புறம் ரிப்பேர் பண்ணிக்கலாம்."

"அப்ப தகடு இல்லாம சும்மா மிதிக்கிறேன். கை வெக்க வேணாம்ல?"

"காலியா அடிச்சா டை கெட்டுடும்மா. முதலாளிக்கு யார் பதில் சொல்றது?"

டைக்கு ஒரு கவலை, முட்டைக்கு ஒரு கவலை. விரலுக்கு அந்த மனுஷன் மனசில் இடமே இல்லை. ஞானஜோதிக்குக் கோபம்கூட வரவில்லை. எச்சில் இலையில் உட்கார்ந்த ஈயைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"முடியாதுன்னா சொல்லிடுங்க. நாளைலேருந்து பேக்கிங்ல போட்டுடறேன்."

பேக்கிங்கில் கூலி குறைவு. அவள் எட்டி டேப்பைப் பிய்த்தாள். வட்டப் பெட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"பேக்கிங்கே போறேன். எழுநூறு தப்படிதான? டீக்கடைக்கு ரெண்டு தபா போய்ட்டு வா சார், பொரிஞ்சிடும்."

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். "வெயிலா இருக்கே..."

சம்பந்தம் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, கைக்குழந்தை கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி பெட்டியை ஆட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதுக்கு ஒருதரம் கை மாற்றினார். இந்தப் பக்கம் சம்பந்தம் கிளட்சைப் பிரித்தபோது கீ இரண்டு துண்டாக வந்து விழுந்தது.

அரை மணி கழித்து மேனேஜர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். திரையில் பச்சையாக என்னமோ ஒன்று கண்ணை உருட்டிக்கொண்டிருந்தது.

"ச்சே, இதே மாதிரி ஏற்கெனவே ஒன்பது இருக்கு." கட்டைவிரலால் ஓர் அழுத்து. பச்சை காணாமல் போனது.

"இன்னா சார் ஆச்சு அதுக்கு?"

"வேஸ்ட்டும்மா. விட்டுட்டேன்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நீங்க நாளைலேருந்து பேக்கிங்."

"சரி" என்றாள். பிறகு, அவர் காதில் விழட்டும் என்றே, சம்பந்தத்திடம் சொன்னாள்.

"அண்ணே, கீய நல்லதா பாத்துப் போடு. எவளாவது ஒருத்திய இங்க ஒக்கார வெப்பாங்க. இந்தாளு இன்னொரு முட்டையோட வருவான்."