பதினான்காம் பாத்தியின் பெயர்ப்பட்டியல்

பதினான்காம் பாத்தியிலிருந்த கலப்பு நிலக்கடலைச் செடிக்குள் இரண்டு குடும்பங்கள் வசித்தன. ஒன்று தாய்ச்செடியின் குடும்பம், மற்றது தந்தைச்செடியின் குடும்பம். இரண்டையும் கலந்தபோது எந்தத் தரப்பும் தன் ஆட்களில் ஒருவரைக்கூட விட்டுவிட்டு வரச் சம்மதிக்கவில்லை. அதனால் வேர் இறக்க இருவர், பூவுக்கு மஞ்சள் பூச இருவர் என்று எல்லா வேலைக்கும் இரண்டிரண்டு பேர் இருந்தார்கள்.

பண்ணை உதவியாளர் குணபூஷணி தினமும் காலையில் வரப்பில் உட்கார்ந்து செடிக்குள் இருப்பவர்களின் பேர் வாசிப்பாள். ஒவ்வொரு விதைப்பிலும் விதைக்குள்ளேயே புதிதாக நகலெடுத்த பட்டியல் வரும். தொடர்ந்து மூன்று விதைப்புகள் குரல் கொடுக்காதவரின் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது விதி.

சாயங்காலம் இலை மடக்கும் வேலைக்குத் தாய் வீட்டிலிருந்து சவுந்தரமும், தந்தை வீட்டிலிருந்து பரிபூரணமும் வந்திருந்தார்கள். முதல் விதைப்பில் இருவரும் மடக்கினார்கள். இரண்டு முறை மடிந்த இலைகள் நடுநரம்பில் முறிந்தன. அடுத்த விதைப்பிலிருந்து பேர் வாசிக்கும்போது பரிபூரணம் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். குணபூஷணி குனிந்து காரணம் கேட்டாள்.

“யாராவது ஒருத்தர் சும்மா இருக்கணும்ல, மேடம். அவ கை என் கையைவிடப் பதமான கை.”

இரண்டு விதைப்புகள் அப்படியே போயின. அவள் குரல் கொடுக்காத மூன்றாவது விதைப்பு தொடங்கியதும் குணபூஷணி மேலதிகாரி ஞானவரோதயனிடம் போய், வேலை இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்டாள். அவர் கடுமையானவர் அல்ல. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆள் எப்படி என்று விசாரித்தார். ரொம்ப நல்லவங்க என்றாள். அப்படியானால் இன்னும் கஷ்டம்தான் என்று சொல்லி, அறுவடைக்குள் அடித்துவிடச் சொன்னார்.

அந்த விதைப்பின் பட்டியலில் சவுந்தரம் என்ற பெயர் நகலில் ஓரெழுத்து மாறிச் சவுந்திரம் என்று வந்திருந்தது. உள்ளதை உள்ளபடிதான் வாசிக்க வேண்டும். வாசித்தாள். “இருக்கேன்” என்று அதே பழைய குரல் பதில் சொன்னது. ஆனால் அன்று சாயங்காலம் இலைகள் மடியவில்லை. ஏன் மடக்கவில்லை என்று குணபூஷணி கேட்டாள்.

“எதை?” என்று அவள் மரியாதையாகக் கேட்டாள்.

மூன்று நாட்களில் இலை நுனிகள் கருகின. பரிபூரணம் தன் கைகளாலேயே மடக்கிக் காட்டினாள். மற்றவள் அதை, பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் காலையில், பட்டியலில் தன் பெயர் வந்தபோது, நெடுநாள் பேசாத தொண்டையால் பரிபூரணம் “இருக்கேன்” என்றாள். அன்று மாலை இலைகள் முறியாமல் மடிந்தன.

“என்னை யாருன்னு கேக்குறா, மேடம்,” என்று மட்டும் சொன்னாள். குணபூஷணி மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். யாருக்காக அழுதோம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சவுந்திரம் மண்ணுக்குள் காய்களுக்கிடையே போய்விட்டாள். அங்கே என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. தினமும் குரல் கொடுத்தாள், பட்டியலுக்கு அது போதுமாயிருந்தது.

அறுவடையில் காய்களை உடைத்தபோது ஒவ்வொரு தோட்டுக்குள்ளும் இரண்டு பருப்பும், சவுந்திரம் மடித்துவைத்த கொஞ்சம் பகல் வெளிச்சமும் இருந்தன. ஞானவரோதயன் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து, ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்டார். எட்டு சதவீதம் என்றாள் குணபூஷணி. அவ்வளவு இருக்கலாம் என்று சொல்லி, சாக்கில் கட்டச் சொன்னார்.