கத்திரி படாத முடி

பயப்படுவதற்குப் புஷ்பமேரிக்கு யாரும் காரணம் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கிணற்றடியில் நின்றால் கிணற்றைப் பார்த்துப் பயம். அங்கே யாரும் இல்லையென்றால் எல்லோரும் எங்கே போய்த் தொலைந்தார்களோ என்று பயம். சோறு குழைந்தால் வயிறு கெட்டுவிடுமோ, விறைத்திருந்தால் தொண்டையில் அடைத்துவிடுமோ. இப்படிப்பட்ட ஒருத்தியை, ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள் என்கிற ஒரே தகுதியை வைத்துக் கோடை முகாமுக்கு அக்காவாகப் போட்டது தெரசா சிஸ்டரின் துணிச்சல்தான்.

எண்பத்தைந்தாம் வருடத்து மே மாதம். வத்தல்மலை அடிவாரத்தில் லீவுக்குப் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளி விடுதியைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, முகாம் நடத்தினார்கள். ஏரியூர், கம்பைநல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கோயில் பிள்ளைகள் வந்து தங்கியிருந்தார்கள். காலையில் ஜெபம், பாட்டு, பகலில் விளையாட்டு, நாடகம், சாயங்காலம் ஜெபமாலை, அப்புறம் சோறு, பாய். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அக்கா. குளிக்க வைப்பது, தலை வாருவது, சண்டையைத் தீர்ப்பது, அம்மாவிடம் போகவேண்டும் என்று அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடப்பது எல்லாம் அக்காவின் பாடு. சமாதானம் சொல்கிறவளுக்கே அம்மாவிடம் போகவேண்டும் போலிருந்ததைப் புஷ்பமேரி யாரிடமும் சொல்லவில்லை.

வந்த அன்றைக்கே சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுவிட்டார்.

“புஷ்பமேரி, இந்தத் தடவை ஒரு தலையில பேன் இருக்கக் கூடாது. போன வருசம் ஒரு தாய் வந்து எம் மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க, பாட்டுக் கத்துக் குடுக்கச் சொன்னா பேன் வளக்கக் கத்துக் குடுத்தீங்களான்னு. ஞாயித்துக்கிழமை பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போறப்ப ஒவ்வொரு தலையும் சுத்தமா இருக்கணும்.”

மற்ற பயங்களோடு பேனும் வந்து சேர்ந்தது. தன் குழுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, வேப்பெண்ணெய் தேய்த்து, பேன் சீப்பால் வாரித் தள்ளினாள். எல்லாத் தலையும் வழிக்கு வந்தது, சலேத்துவின் தலையைத் தவிர.

சலேத்மேரி ஏரியூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரி. நாலாவது முடித்தவள். ஆளுக்குப் பொருந்தாத முடி அவளுக்கு, இடுப்பைத் தாண்டித் தொங்கியது. யாரையும் தொடவிட மாட்டாள். தானே பின்னிக்கொள்வாள், தானே முடிச்சுப் போட்டுக்கொள்வாள், தூங்கும்போது சடையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு தூங்குவாள். சீப்பை எடுத்துக்கொண்டு கிட்டே போனால் தூணுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவாள். அவள் சடையில் பேன் ஊர்வதை நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். வாரி முடித்த பிள்ளைகள் மறுபடி சொறிய ஆரம்பித்தபோது புஷ்பமேரிக்குப் பொறுமை போயிற்று. பயந்தவர்களுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது கண்மண் தெரியாத கோபம்.

வியாழக்கிழமை மத்தியானம், மற்றப் பிள்ளைகள் நாடக ஒத்திகையில் இருந்தபோது, சலேத்துவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப்போய் முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டாள். காகிதப் பூ வெட்டுகிற கத்திரிதான் கிடைத்தது.

“வேணாங்க்கா. வெட்டாதீங்க்கா. நான் தனியாப் படுத்துக்கிறேன். எண்ணெ வெச்சுக்கிறேன். நீங்களே சீவுங்க, ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

“முடிதானே சலேத்து, வளந்துடும்.”

மொண்ணைக் கத்திரி. சடையை ஒரே வெட்டில் வெட்ட முடியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத்தான் எடுத்தது. பாதியில் பிள்ளை திமிறுவதை விட்டுவிட்டாள். அழவும் இல்லை. அப்பாடா, அடங்கிவிட்டாள் என்று புஷ்பமேரி நினைத்துக்கொண்டாள். சடையைச் சிவப்பு ரிப்பனோடு குப்பைக் குழியில் வீசிவிட்டு, மிச்ச முடியைக் காது மட்டத்துக்கு ஒழுங்கு பண்ணி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். சிஸ்டர் அந்தப் பக்கம் வந்து பார்த்து, “இப்பத்தான் புள்ள முகமே தெரியுது” என்றார். அதைக் கேட்டுப் புஷ்பமேரிக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

சாயங்கால ஜெபமாலையில் சலேத்து வாயைத் திறக்கவில்லை. சோற்றுத் தட்டையும் தொடவில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் புஷ்பமேரி. சுடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“என்னடா கண்ணு? அக்கா மேல கோவமா?”

சலேத்து தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அது என் முடி இல்லீங்க்கா. அந்தோணியாருது.”

“என்னது?”

“எங்கப்பா பெங்களூருக்குக் கட்டடத்துல சென்ட்ரிங் வேலைக்குப் போனாரு. முந்தின வருசம் கிறிஸ்மஸுக்கும் வரல, போன வருசம் ஈஸ்டருக்கும் வரல. காணாமப் போனதயெல்லாம் அந்தோணியாரு கண்டுபுடிச்சுக் குடுப்பாருன்னு கோயில்ல சொன்னாங்க. அதான் எங்கூரு கெபியில போயி, அவரு சிலைக்கு முன்னால நேந்துக்கிட்டேன். எங்கப்பா வந்து வூட்டோட இருந்தா, கத்திரி படாம வளத்து மொட்ட போட்டுக்கிறேன்னு.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“சொன்னாப் பலிக்காது. நீங்களும் யாருகிட்டயும் சொல்லக்கூடாது.” தட்டைத் தள்ளி வைத்தாள். “இனிமே சொன்னா என்ன? அவருதான் வரமாட்டாரே.”

புஷ்பமேரி ஒன்றும் தெரியாதவள் இல்லை. அவள் வீட்டிலேயே தம்பிக்கு அஞ்சு வயது வரை கத்திரி வைக்காமல் வளர்த்து வேளாங்கண்ணியில் போய் முடி இறக்கினார்கள். ஆண்பிள்ளை தலையில் சடை தொங்கினால் அது வேண்டுதல் என்று ஊருக்கே தெரியும். ஒருத்தரும் கைவைக்க மாட்டார்கள். பெண்பிள்ளை தலையில் சடை தொங்கினால் யாருக்குத் தெரியும்? அதுவும் பெற்றவளுக்கே தெரியாத வேண்டுதல்.

எழுந்து ஓடினாள். குப்பைக் குழியில் காவல்காரர் சருகைத் தள்ளிக்கொண்டிருந்தார், தீப்பெட்டி கையில் இருந்தது.

“இருங்கண்ணா, இருங்க! பத்தவெக்காதீங்க!”

எச்சில் இலையையும் காகிதத்தையும் கையால் விலக்கிச் சடையை எடுத்தாள். ரிப்பன் அப்படியே இருந்தது. பேனும் அப்படியே இருந்தது. தந்திப் பேப்பரில் சுருட்டி, தாவணி முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து தன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். ‘அண்ணா, அந்தப் பொண்ணு குப்பையில என்னா தேடுச்சு?’ என்று சமையல்காரி காவல்காரரிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது.

மறுநாள் சிஸ்டரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். “சிஸ்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். சின்னப் புள்ள ஒண்ணு வேண்டிக்கிட்டு, அது தவறிப்போச்சுன்னா?” என்று சுற்றி வளைத்தாள்.

சிஸ்டர் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். “சின்னப் புள்ளைங்க வேண்டுதலெல்லாம் கடவுள் கணக்குல எடுக்கமாட்டாரு. எந்தப் புள்ள?”

“யாருமில்லீங்க சிஸ்டர்.”

அந்த ஆறுதலைக் கொண்டுபோய்ச் சலேத்துவிடம் கொடுத்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதை அந்தோணியாரு சொன்னாராங்க்கா, சிஸ்டரு சொன்னாங்களா?” என்றாள்.

புஷ்பமேரிக்குச் சோறு இறங்கவில்லை. பெங்களூரில் ஒரு கட்டடத்தின் சாரத்தில் முகம் தெரியாத ஒரு மனிதன் நிற்கிறான். அவன் கால் தவறினால் அது தன் கத்திரியால்தான். அவன் வீட்டை மறந்தாலும் தன் கத்திரியால்தான். புத்திக்குத் தெரியும் இது பைத்தியக்காரத்தனம் என்று. மனசு கேட்டால்தானே? போதாததற்குச் சனிக்கிழமை காலையிலிருந்து அவள் தலையே அரிக்க ஆரம்பித்தது. எதிரில் சிஸ்டர் வந்தால் சொறியவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்து நின்று, தாய்மார்களும் தகப்பன்மார்களும் இறங்கினார்கள். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. சலேத்து வராந்தாத் தூணோடு நின்றாள், கை அடிக்கடி வெறும் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தது.

“எங்க என் புள்ள? அடியே சலேத்து!” என்று வந்தாள் ஆரோக்கியம்மாள், அவளுடைய அம்மா. வெயிலில் கறுத்த ஒல்லியான பெண். புஷ்பமேரி கண்ணை மூடிக்கொள்ளாத குறைதான்.

ஆரோக்கியம்மாள் மகளின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் புஷ்பமேரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “மகராசியா இருப்பீங்க டீச்சர்! எப்படிங்க வுட்டா? வருசமா எங்கள கிட்டயே வுடலீங்க. தூங்கறப்ப வெட்டிப்புடலாம்னு நானே ரெண்டு தடவை கத்திரி எடுத்தேன், முழிச்சிக்கிட்டா.”

பாவம் என்றால் பாவம்தான், அந்த நிமிஷம் புஷ்பமேரிக்கு உள்ளே குளிர்ந்தது. திட்டு இல்லை, புகார் இல்லை, சிஸ்டர் வேறு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்போது சலேத்து அவளைப் பார்த்தாள். நீ தப்பித்துக்கொண்டாய் என்கிற பார்வை அது. குளிர்ச்சி எங்கே போனதென்று தெரியவில்லை.

“இன்னொண்ணு பாரு சாமி, யாரு வந்திருக்காங்கன்னு!” என்று மகளை வெளிப்பக்கம் திருப்பினாள் ஆரோக்கியம்மாள்.

கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் ஒரு ஆள் நின்றிருந்தான். தோளில் பெரிய ரெக்ஸின் பை. உள்ளே வரக் கூச்சப்பட்டவன் மாதிரி செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“அப்பா” என்றாள் சலேத்து. ஆனால் ஓடவில்லை. புஷ்பமேரியின் தாவணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, வந்துட்டாருங்க்கா. இப்ப முடி இல்லியே. என்னாங்க்கா பண்றது?”

அவள் அப்பா யாகப்பன் தயங்கித் தயங்கி வராந்தா வரைக்கும் வந்தான். “என்னா கண்ணு, அப்பாவ மறந்துட்டியா?”

சலேத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “இருப்பியா?”

அவன் ரோட்டைப் பார்த்தான். ஆரோக்கியம்மாளின் சிரிப்பும் இறங்கிப்போனது. புஷ்பமேரியின் காதோரம் சொன்னாள்: “நேத்துதாங்க வந்தாரு. பாத்துட்டுப் போவ வந்தாராம். இந்த பஸ்ஸப் புடிச்சு ராத்திரி வண்டிக்குத் திரும்பிப் போறாரு. புள்ளைகிட்ட நீங்களே கொஞ்சம் பக்குவமாச் சொல்லுங்க டீச்சர்.”

“மேஸ்திரி நாளைக்கு ஸ்லாப் போடறாரு” என்றான் யாகப்பன், யாரிடம் என்றில்லாமல். “ஆளு கொறஞ்சா வேற ஆளப் போட்டுக்குவாரு. இங்க மழயும் இல்ல, மண்ணும் இல்ல, இருந்து என்னா பண்றது?”

தோளில் இருந்த பையை அவன் இன்னும் இறக்கவில்லை. பஸ் திரும்பி வந்து நின்று ஹாரன் அடித்தது.

வாழ்க்கையில் ஒரு கண்டக்டரிடம் சில்லறை கேட்கக்கூடப் பயந்தவள் புஷ்பமேரி. அவள் உள்ளே ஓடித் தகரப் பெட்டியைத் திறந்தாள். பேப்பர்ச் சுருட்டோடு வந்து யாகப்பன் முன்னால் நின்றாள்.

“உங்க பொண்ணு யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னா. நான் சொல்லப்போறேன். நீங்க வந்து வூட்டோட இருக்கணும்னு அந்தோணியாருக்கு நேந்து வளத்த முடிங்க இது. கத்திரி படக்கூடாதுன்னு ஒரு வருசம் பெத்த தாயக்கூட தொடவுடல. நான்தான் தெரியாம வெட்டிட்டேன்.” சிஸ்டர் பக்கம் திரும்பினாள். “கெஞ்சக் கெஞ்சப் புடிச்சு வெட்டினேன் சிஸ்டர். அவ வேணாம்னுதான் சொன்னா.”

“அக்கா!” என்று கத்தினாள் சலேத்து. சொல்லிவிட்டாளே என்கிற ஆத்திரம்.

யாகப்பன் பேப்பரைப் பிரித்தான். சிமெண்டு தின்ற விரல்கள். சடையின் நுனியிலிருந்து வெட்டுப்பட்ட இடம் வரைக்கும் மெல்லத் தடவிக்கொண்டே போனான். அவன் போனபோது அது பாதி முதுகைத்தான் தொட்டிருக்கும். மீதி முழுவதும் அவன் இல்லாமல் வளர்ந்தது. ஒரு பேன் அவன் மணிக்கட்டில் ஏறியது. அதை அவன் தட்டிவிடவில்லை.

“அடிப்பாவி, எங்கிட்டக்கூட சொல்லலியே” என்று ஆரோக்கியம்மாள் அழுதாள்.

“கத்திரி பட்டத அந்தோணியாரு ஏத்துக்குவாரா டீச்சர்?” என்றான் யாகப்பன்.

“தெரியலீங்க” என்றாள் புஷ்பமேரி. உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது. “செவ்வாக்கிழமை, அந்தோணியாரு நாள்ல, நானும் கெபிக்கு வந்து, வெட்டினது நான்தான்னு சொல்றேன். ஆனா நீங்க வூட்டோட இல்லாம எதச் சொல்லி இதக் குடுக்கிறதுங்க?”

ஹாரன் மறுபடி அடித்தது. கண்டக்டர் தருமபுரி, தருமபுரி என்று கத்தினார். யாகப்பன் ரோட்டைப் பார்த்தான், சடையைப் பார்த்தான். பேப்பரை முன்போலவே மடித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதால் பை தோளிலிருந்து நழுவி வராந்தாவில் விழுந்தது. அதை எடுக்க அவன் உடனே குனியவில்லை.

சலேத்து அப்பனிடம் போகவில்லை. புஷ்பமேரியின் தாவணியை விட்டுவிட்டு நேராகப் போய், அந்த ரெக்ஸின் பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பஸ் புறப்பட்டு, சத்தம் தேய்ந்து, மலைத் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.