ஒரு மணிக்கு மேல் தெரியாது

மலேசியாவில் கேமரன் மலை ரிங்லெட் ஊரின் பார்சல் கம்பெனியில் ஆண்டியப்பனுக்குப் பகுதி நேர வேலை. காலை ஏழிலிருந்து பகல் ஒரு மணி வரைக்கும்தான் சம்பளம். தாப்பாவிலிருந்து சரக்கு லாரி மலையேறி வந்து சேர்வதோ பதினொன்றுக்கு. மண் சரிந்த நாளென்றால் அதற்கும் மேலே. அதுவரை அவன் ஆபீசைக் கூட்டுவான், மேனேஜர் வீட்டுக்கு மீன் வாங்கிக் கொடுப்பான், அவர் வீட்டம்மாவின் ரோஜாச் செடிகளுக்கு மண் அணைப்பான். பார்சல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கும் நிஜமான வேலை, சம்பளம் முடிகிற நேரத்தில்தான் சூடுபிடிக்கும். சாயங்காலம் வரை நீளும் அந்த வேலைக்கு மேனேஜர் வைத்திருந்த பெயர், "ஒரு கை பிடிச்சு விடுறது".

முழு நேரக்காரன் சிவசாமி. மேனேஜரின் மச்சினன். லாரி ஓட்டத் தெரியும், அதை மறைப்பானேன். எட்டு மணிக்கு வருவான், ஒன்பது வரை ரொட்டி சானாய் தின்பான், லயத்து முனையில் கம்பெனி லாரியை நிறுத்திவிட்டுக் கால் நீட்டிக்கொள்வான். நோகாமல் நுங்கு தின்னப் பிறந்த பிள்ளை. அவனுக்கு மருந்துச் செலவு உண்டு, சேமநிதி உண்டு, மஞ்சள் மழைக்கோட்டும் உண்டு. பகுதி நேரத்துக்குக் கோட்டு கிடையாது. கேமரன் மலை மழைக்குக் கம்பெனிச் சட்டம் தெரியுமா என்ன? அது ஆண்டியப்பன் மேல் முழு நேரமும் பெய்தது.

அவன் ஏன் இதையெல்லாம் பொறுத்தான் என்றால், ஒரு வீட்டுக்காக. மனைவி பரமேஸ்வரி தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அதனால்தான் லயத்து வீடு அவர்களுக்கு. அவள் கூடையை இறக்கி வைக்கும் நாளில் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அவளுக்கோ முழங்கால் இரண்டு வருஷமாக வீங்கிக் கிடந்தது. இந்த நேரத்தில்தான், எண்பத்து நாலாம் வருஷம், ரிங்லெட்டில் அரசாங்க மலிவு வீட்டுக்கு மனுப் போடச் சொன்னார்கள். மனுவோடு முழு நேர வேலைக்கான கடுதாசி வைக்க வேண்டும். அக்டோபர் முப்பத்தொன்று கடைசி நாள்.

மேனேஜர் சுப்பிரமணியம் முன்பு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். கம்பெனிக்கு வந்த பிறகும் ஜனங்களுக்கு அவர் கிராணிதான். ஆடி மாதத்தில் ஆண்டியப்பன் போய்க் கேட்டதும் தோளைத் தட்டி, தீபாவளிக்குள் முழு நேரம் ஆக்கிவிடுகிறேன் போ என்றார். ஆண்டியப்பன் என்ன செய்தான் தெரியுமா? கடுதாசியைக் கண்ணால் பார்க்குமுன்பே லயத்து முனீஸ்வரனுக்குக் கடா வெட்டினான். சாமிக்கு நேர்ந்ததைத் தள்ளிப் போட்டால் குற்றமாம். பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த கதைதான். நாற்பது குடும்பம் தின்றது. கிராணியும் வந்தார். ஈரலாகப் பார்த்துக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, எலும்புக் குழம்பைத் தூக்குச் சட்டியில் வீட்டுக்கும் கொண்டுபோனார்.

கடுதாசி தீபாவளிக்கு முதல் நாள் காலையில் வந்தது. கம்பெனியின் வட்ட முத்திரைச் சாப்பு பளிச்சென்று குத்தி, மலாயில் டைப் அடித்திருந்தது. ஆண்டியப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தோட்டப் பள்ளிக்கூடத்துச் சாரதா டீச்சரிடம் பஸ் பிடித்துப் போனான். டீச்சர் ஒருமுறை வாசித்தார், மறுபடியும் வாசித்தார். "நிரந்தரப் பகுதி நேர ஊழியர்" என்று போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் மடித்துக் கொடுத்தார். சாகிற வரைக்கும் அரை வேலை என்பதற்குச் சாப்பு வேறு! ஆட்டையும் தின்றுவிட்டு ஆளையும் தின்றுவிட்டாரே என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்கு அடுத்த பஸ் ஏறினான்.

கிராணி கொஞ்சமும் அசரவில்லை.

"முழு நேரம்னா கம்பெனிக்குச் செலவுப்பா. ஆனா பாரு, ஒன்ன இனிமே யாரும் தூக்க முடியாது. ஒரு மணி வரைக்கும் ஒன் வேலை. ரூல் ரூல்தான்லா."

"சரிங்க ஐயா. ரூல் ரூல்தான்" என்றான் ஆண்டியப்பன்.

அன்றைக்கென்று பார்த்து மண் சரிவு. தாப்பா லாரி பன்னிரண்டுக்குத்தான் வந்தது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் தீபாவளிக்கு அனுப்பிய அறுபது பார்சல். எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கிச் சாயங்காலத்துக்குள் ஈப்போ முதலாளிக்குத் தகவல் சொல்ல வேண்டும். கிராணியின் போனஸ் அதில் தொங்கியது. சாமானை மாற்றிக்கொண்டு கம்பெனி லாரி மேல் லயத்தில் நின்றபோது மணி ஒன்று. ஆண்டியப்பன் தூக்கிய மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தான். சிவசாமியிடம் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, பத்தடி தள்ளி இருந்த தன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தான். பரமேஸ்வரி முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

சிவசாமி கோட்டை மாட்டிக்கொண்டு முதல் பார்சலை எடுத்தான். "முனியாண்டி, தேயிலைத் தோட்டம், ரிங்லெட்" என்று இருந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "மகன்" என்று மட்டும். மற்ற பார்சல்களும் இதே லட்சணம்தான். அவன் லயத்தைப் பார்த்துக் கூப்பிட்டான். ஏழு கதவு திறந்தது. கட்டை முனியாண்டி, ரேடியோ முனியாண்டி, கண்ணாடி முனியாண்டி, இன்னும் நாலு பேர். ஏழு பேரும் பார்சல் தங்களுக்குத்தான் என்றார்கள். பண்டிகை நாளில் வருகிற சாமானை யார் வேண்டாம் என்பார்கள்? எந்தப் பிள்ளை பார்சல் துணியை எந்த நூலில் எப்படித் தைத்து அனுப்புவான் என்பது ஆண்டியப்பன் ஒருவனுக்குத்தான் தெரியும். சிவசாமி குத்துமதிப்பாகக் கட்டை முனியாண்டியிடம் கொடுத்தான். பிரித்தால் குழந்தைக் கவுன். கட்டை முனியாண்டிக்குக் கல்யாணமே ஆகவில்லை. லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிவசாமி தோட்டத்து ஆபீசிலிருந்து போன் அடிக்க, கிராணி காரில் பறந்து வந்தார். அவரும் ஒரு மணி நேரம் கூப்பிட்டுப் பார்த்தார். தொண்டை கட்டியதுதான் மிச்சம். மழையில் நனைந்து ஆண்டியப்பன் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஆண்டியப்பா, இது எந்த முனியாண்டிக்குப்பா?"

"ஒரு மணிக்கு மேல எனக்குத் தெரியாதுங்க ஐயா."

கிராணி கெஞ்சினார், அதட்டினார், கடா விருந்தில் ஒன்றாகத் தின்றதை ஞாபகப்படுத்தினார். அதைக் கேட்டதும் பரமேஸ்வரி எண்ணெய்க் கரண்டியோடு எழுந்தாள். கிராணி பேச்சை மாற்றினார். கார் பானெட்டின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டியப்பன் முழு நேர ஊழியர் என்று தன் கைப்பட மலாயில் எழுதி நீட்டினார். சாரதா டீச்சரை வரவழைத்து வாசிக்கவைத்தார்கள். சரியாகத்தான் இருந்தது.

"சாப்பு எங்கங்க ஐயா?"

"அது ஆபீஸ்ல கெடக்குப்பா. நாளன்னிக்குக் குத்திக்கலாம்."

"அப்ப முனியாண்டியையும் நாளன்னிக்குப் பாத்துக்கலாங்க."

ரிங்லெட்டுக்கு ஆறு மைல், எல்லாம் வளைவு. கிராணி போய்ச் சாப்பும் மைப்பெட்டியுமாகத் திரும்பி வந்தபோது மணி நாலேகால். ஆண்டியப்பன் முழங்காலில் கடுதாசியை விரித்துப் பிடிக்க, அவர் குத்தினார். மை காயும்வரை அவன் ஊதினான். பரமேஸ்வரி அதை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். ஆண்டியப்பன் வெளியே வந்து, சிவசாமியின் மழைக்கோட்டைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டான். குழந்தைக் கவுன் பார்சலின் தையலை ஒரு பார்வை பார்த்தான்.

ரேடியோ முனியாண்டியின் பேத்திக்கு வந்தது அது. லாரி மத்தியானத்திலிருந்து அவன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.

இன்னும் ஐம்பத்தொன்பது பார்சல் பாக்கி. ஆண்டியப்பன் கிராணியைத் திரும்பிப் பார்த்தான்.

"முழு நேரம் அஞ்சு மணி வரைக்குங்க ஐயா. ரூல் ரூல்தான். அதுக்குள்ள முடியணும்னா, நான் வீட்டக் காட்டுறேன், நீங்க ஒரு கை பிடிச்சு விடுங்க."

கிராணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டையைத் தூக்கினார்.