அம்மா எவ்வளவு உயரம்?

டேப் மிஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் பாதங்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தாள். குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரைக்கும். சில பாதங்கள் வியர்த்து வழுக்கின. ஒருத்தி கூச்சம் தாங்காமல் காலை இழுத்து இழுத்துச் சிரித்தாள். "அசையாம நில்லு, உன் காலை வெட்டியா எடுத்துக்கப் போறேன்?" என்று டேப் மிஸ் அதட்டினாளே தவிர, அவளுக்கே அது அபத்தமாகத்தான் இருந்தது. கூடைப்பந்து ஆட வந்த பிள்ளையைக் காலைத் தூக்கிக் காட்டு என்றால் அது சிரிக்காமல் என்ன செய்யும்?

எல்லாம் கொக்கு சாரின் ஏற்பாடு. தலைமைத் தேர்வாளர் அவர். நெடுநெடுவென்ற ஆள், கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்பார், அதனால் பிள்ளைகள் வைத்த பெயர். நாய்க்குட்டி வாங்குகிறவன் பாதத்தைப் பார்த்துத்தான் வாங்குவான் என்பது அவர் கட்சி. பாதத்துக்கு அடுத்தது மணிக்கட்டு. அதற்கு அடுத்தது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். இவை எல்லாவற்றுக்கும் மேலே அம்மா. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை எவ்வளவு உயரமாக இருக்கிறாள் என்பது கணக்கே இல்லையாம், அவளைப் பெற்றவள் எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்காம். "பந்து போடுறதை நான் சொல்லித் தருவேன் மிஸ். வளர்றதை எவன் சொல்லித் தருவான்?" என்பார். இதை அவர் சொல்லி டேப் மிஸ் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவளுக்கும் தேர்வுக் குழுவில் இடம் இருந்தது, பேருக்கு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அங்கே அவள் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு போய்விடுவார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. இங்கே ஆட்டத்தைப் பார்த்து மார்க் போடத்தான் அவளைக் கூப்பிட்டார்கள். வந்த முதல் வருஷமே கையில் டேப்பைக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் கையை விட்டு இறங்கவில்லை. அவள் போட்ட மார்க்கை யாராவது பார்த்தார்களா என்றால், போன வருஷம் ஒரே ஒரு தடவை தவிர, செவிடன் காதில் ஊதின சங்குதான்.

மூன்று நாள் முகாம். இன்று கடைசி நாள். இங்கே தேறினால் விடுதியில் தங்கிப் படிக்கலாம், சாப்பாடு, ஷூ, படிப்பு எல்லாம் இலவசம், மாநில அணிக்குப் போகிற வழியும் அதுதான். ஒரு கட்டில் தவிர மற்றதெல்லாம் நேற்றே நிரம்பிவிட்டது. அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை பாதம்.

டேப் மிஸ்ஸுக்கு அந்த ஒன்றுக்கு யார் என்பதில் முதல் நாளே சந்தேகம் இல்லை. கண்ணாடி. மூக்குக்கண்ணாடி விழாமல் பின்தலையில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஆடுகிற பிள்ளை. உயரம் சுமார். ஓட்டமும் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் இந்த மாதிரி முகாமில் ஒரு கூத்து நடக்கும், பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஐந்து பேரை ஒரு அணியாக இறக்கினால் ஐந்து பேரும் தனித்தனியாக ஆடுவார்கள். பந்து கிடைத்தவள் அதைத் தன் வீட்டுச் சொத்து மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டு வளையத்தைப் பார்த்து எறிவாள். மார்க் தனக்கு விழ வேண்டுமே! இந்தக் கண்ணாடி மட்டும் பந்து வருவதற்கு முன்னாலேயே தலையைத் திருப்பி நாலு பக்கமும் பார்த்து வைத்துக்கொள்வாள். நேற்று மத்தியானம், யாருமே இல்லாத ஒரு மூலைக்குப் பந்தைத் தட்டிவிட்டாள். ஐயோ, வீணாகிவிட்டதே என்று டேப் மிஸ் உச்சுக்கொட்டி முடிப்பதற்குள் ஒரு பிள்ளை ஓடிவந்து அந்த இடத்தில் சரியாக நின்றாள், பந்து கையில் விழுந்தது, போட்டாள். ஓடிவந்த பிள்ளைக்கே தான் அங்கே வரப்போவது தெரியாது. டேப் மிஸ்ஸுக்கு உடம்பு சிலிர்த்துப்போய்விட்டது. திரும்பிக் கொக்கு சாரைப் பார்த்தால், அவர் கேலரியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாவின் கால் நீளத்தை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

இன்று காலை ஆட்டம் முடிந்ததும் அவரே கண்ணாடியைக் கூப்பிட்டார். ஒப்புக்குத்தான். "உங்கம்மா வந்திருக்காங்களா?"

பிள்ளை கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு கேலரிப் பக்கம் திரும்பி, "அம்மா!" என்று கூப்பிட்டாள். குரல் பாதியில் பிசிறியது. மேல் வரிசையில் மடியில் பையை வைத்துக்கொண்டு கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த ஒரு பெண், யாரை யார் கூப்பிடுகிறார்கள் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"எழுந்து நில்லுங்கம்மா, வெட்கப்படாதீங்க!" என்று கொக்கு சார் கத்தினார்.

எழுந்தாள். எழுந்துகொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் கழுத்தைத் தூக்க வேண்டியிருந்தது. கொக்கு சார் வாய்விட்டுச் சிரித்தேவிட்டார். "மிஸ், இதைத்தான் மூணு நாளாத் தேடிக்கிட்டிருக்கேன்! கூட்டிட்டுப் போய் அளந்துட்டு வாங்க."

டேப் மிஸ்ஸுக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லக் கூடாது. எந்த வழியாக வந்தால் என்ன, கண்ணாடி உள்ளே வந்துவிட்டாளே. அந்தப் பெண்ணை உடைமாற்றும் அறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரோரம் நிறுத்தினாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். தலைமேல் அட்டையை வைக்கக் கை எட்டவில்லை, ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

"நேரா நில்லுங்க. ஏன் இப்படிக் குனியறீங்க?"

"பழக்கம் டீச்சர். சின்ன வயசுலேருந்து பனைமரம், கொடிக்கம்பம்னு கேட்டுக் கேட்டு முதுகே வளைஞ்சுபோச்சு. வேலை பார்க்கற கோடவுன்லகூட என்னை மேல்தட்டுச் சரக்கு எடுக்கத்தான் கூப்பிடுவாங்க." சிரித்தாள். சிரித்து முடித்து, "டீச்சர், நான் அவளைப் பெத்தவ இல்ல" என்றாள்.

டேப் மிஸ் ஸ்டூலின் மேல் அப்படியே நின்றாள். அட்டை அந்தப் பெண்ணின் தலையில் இருந்தது.

"பெத்தவங்க தவறிட்டாங்க. அதுக்கப்புறம்தான் நான் அந்த வீட்டுக்கு வந்தேன். போட்டோல பார்த்திருக்கேன், அவங்க என் தோளுக்குக்கூட வரமாட்டாங்க."

"அப்புறம் ஏன் அவ உங்களைக் கூப்பிட்டா?"

"விவரமான பிள்ளை டீச்சர். உங்க சார் மூணு நாளா யாரைப் பார்த்துக்கிட்டிருக்கார்னு கவனிக்காமலா இருந்திருப்பா?" அவள் சுவரோடு சுவராக, அளவுக்கு நிற்கிற மாதிரியே நின்று பேசினாள். "வீட்ல என்னைக் கூப்பிடவே மாட்டா. ஏதாவது வேணும்னா பக்கத்துல வந்து நிப்பா, நானாத் திரும்பிப் பார்க்கணும். நாலு வருஷமா அப்படித்தான். இன்னிக்குத்தான் வாயைத் திறந்து கூப்பிட்டா. எனக்காக இல்ல, என் உயரத்துக்காகன்னு தெரியும். தெரிஞ்சும் எழுந்து நின்னுட்டேன், என்ன பண்றது?"

"இதை ஏங்க எங்கிட்ட சொல்றீங்க?"

"யார்கிட்டயாவது சொல்லணும்ல? சாருகிட்ட சொல்லாதீங்கன்னு நான் கேட்க மாட்டேன். உங்க இஷ்டம்."

நல்லவர்களோடு இதுதான் தொல்லை. பொய் சொல்ல வந்தவள் முழுசாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? பாதியில் மனசு கேட்காமல் மூட்டையை இறக்கி அடுத்தவள் தலையில் வைத்துவிட்டு, உங்க இஷ்டம் என்றால்? டேப் மிஸ்ஸுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்தப் பெண் மேல், பிள்ளை மேல், கையில் சுருண்டு கிடந்த டேப் மேல். ஐந்தடி பதினொன்று. மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அளவு பொய் இல்லை. அளக்கச் சொன்னார்கள், அளந்தாயிற்று. பெற்றவளா என்று கேட்கச் சொன்னார்களா? இல்லையே. வாயை மூடிக்கொண்டு அளவை மட்டும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மைதானத்தை ஒட்டிய சாமான் அறையில் கொக்கு சார் உட்கார்ந்திருந்தார். வலைப்பைகளில் பந்துகள், மூலையில் காற்றுப் போன இரண்டு. அந்த அறைக் கதவு மழைக்கு ஊறி உப்பிப்போனது, முழுசாகச் சாத்தாது. வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணும் கண்ணாடியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அஞ்சடி பதினொண்ணு" என்றாள்.

"அப்படிப் போடுங்க!" அவர் மேசையைத் தட்டினார். "முடிஞ்சுது. கடைசிக் கட்டில் கண்ணாடிக்கு."

அதோடு வந்திருக்கலாம். வந்திருக்க வேண்டும். ஆனால் வருஷக்கணக்காக அடக்கி வைத்த வாய், நல்ல நேரம் பார்த்து அரித்தது. "ஆட்டத்துக்கும் எடுக்கலாம் சார். நேத்து அந்த மூலைக்கு ஒரு பாஸ் போட்டாளே, பார்த்தீங்களா?"

"எதுக்கு எடுத்தா என்ன மிஸ்? எடுத்தாச்சுல்ல."

"இல்ல சார், அந்தப் பார்வை யாருக்கும் வராது. அதைத்தான் வளர்க்கணும்."

"பாஸ் போடுற பிள்ளைங்க தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பாங்க. அந்த மாதிரி அம்மா ஊருக்கு ஒருத்திதான். இவளை முதல் நாள்லேருந்தே வளையத்துக்குக் கீழே நிறுத்தப் போறேன். அங்க இங்க ஓடுறது, பாஸ் போடுறது, அதெல்லாம் கட். கையைத் தூக்கிட்டு நின்னாப் போதும், வளர வளரத் தானா வரும்."

டேப் மிஸ்ஸுக்கு அந்த மூலை கண்முன்னால் வந்தது. யாருமில்லாத இடத்துக்குப் போன பந்து. அதை இனிமேல் போடவே விடமாட்டாராம். கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டுமாம், கொடிக்கம்பம் மாதிரி.

"அது அவ அம்மாவே இல்ல சார்!" என்று கத்தினாள். "இப்பவாவது ஆட்டத்தைப் பாருங்க!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தினது ஒருத்தி, கெட்டது இன்னொருத்தி.

கொக்கு சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "பெத்தவங்க எப்படி?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், அவருக்கு அதுவே போதும். அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "நல்லவேளை சொன்னீங்க. இல்லன்னா வளரலைன்னு ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பிள்ளையை நான்தான் பஸ் ஏத்தி அனுப்பணும். அந்த வேலை எனக்குப் பிடிக்கும்னா நினைக்கிறீங்க?"

"ஆட்டத்துக்காக எடுங்க சார். நான் பொறுப்பு."

"போன வருஷமும் பொறுப்பு எடுத்தீங்க. நீங்க சொன்ன பிள்ளையைத்தானே எடுத்தோம்? செமி ஃபைனல்ல அவ தலைக்கு மேலயே போட்டு முடிச்சுட்டுப் போனாங்க. திட்டு வாங்கினது நீங்களா, நானா? நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம் மிஸ். ஆனா கட்டில் ஒண்ணுதான் இருக்கு."

அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். அவள் இன்னும் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தாள், அவர் தலை நிமிரவில்லை. கதவை இழுத்து வெளியே வந்த பிறகுதான், அது இவ்வளவு நேரமும் ஒரு கை அகலத்துக்குத் திறந்தே இருந்தது என்று உறைத்தது.

பெஞ்சில் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களா சொன்னீங்க?"

"நான்தான்மா சொன்னேன்" என்று டேப் மிஸ் அவசரமாகக் குறுக்கே விழுந்தாள். "கோபத்துல வாய் தவறி..."

பிள்ளை அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "டீச்சர்கிட்ட நீங்களா சொன்னீங்க?"

"ஆமா" என்றாள் அந்தப் பெண்.

"ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கூப்பிட்டேன்ல?" என்றாள் கண்ணாடி. குரல் உயரவில்லை. "அத்தனை பேர் முன்னாடி கூப்பிட்டேன்ல?"

இடம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேப் மிஸ் அதற்குத்தான் பதில்களைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். அடுத்த வருஷம் பார்க்கலாம், நான் உங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து பேசுகிறேன், எல்லாம். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அழுதாலாவது தோளைத் தொடலாம். பிள்ளை அழவும் இல்லை, குனிந்து ஷூவைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள், பந்தைத் திணித்தாள், ஜிப் மூடவில்லை, அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

உள்ளேயிருந்து கொக்கு சார், "மிஸ், அடுத்த பிள்ளையோட அம்மாவை வரச் சொல்லுங்க" என்றார்.

டேப் மிஸ் நகரவில்லை. நீண்ட நடைபாதையில் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வேகமாக நடந்தாள். அந்தப் பெண் இரண்டே எட்டில் எட்டிப்பிடித்துப் பையை வாங்கப் பார்த்தாள். பிள்ளை விடவில்லை. இழுத்தாள், விடவில்லை. கடைசியில் பையின் ஒரு காது அவள் கையில், ஒரு காது இவள் கையில். உயரமானவள் பக்கம் தூக்கலாகவும் பிள்ளை பக்கம் தாழ்வாகவும் பை சாய்ந்து தொங்க, உள்ளே கிடந்த பந்து தாழ்ந்த பக்கம் சரிந்து, நடைக்கு நடை பிள்ளையின் முழங்காலில் இடித்துக்கொண்டே போயிற்று. அவள் நின்று சரி செய்யவில்லை. அந்தப் பெண்தான் தன் பக்கத்துக் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, முதுகை வளைத்து, பையைச் சமமாக்கிக்கொண்டு நடந்தாள்.